கைப்பிடி அரிசிக்கு ஒரு பெயர்

அத்தை,

இன்று காலை உங்கள் தகர டப்பாவைத் திறந்ததும் நொச்சி வாசம் முகத்தில் அடித்தது. நீங்கள் போட்டுவைத்த இலை காய்ந்து தூளாகிவிட்டது, வாசம் மட்டும் போகவில்லை. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்னும் அடுப்படியில் என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் நிற்பதாகவே இருக்கிறது. உலைக்கு அரிசி எடுத்தால் என் கை தானாக ஒரு பிடியை அள்ளி அந்த டப்பாவில் போடுகிறது. போட்ட பிறகுதான் எனக்கே தெரிகிறது. சில நாள் அந்தக் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

கெங்கவல்லியிலிருந்து சூரமங்கலத்துக்கு, ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கு, நான் வாழ வந்த புதிதில் இந்தப் பழக்கம் எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் சாமிக்கு என்றால் பொங்கல் வைப்போம், தேங்காய் உடைப்போம். நீங்களோ தினமும் உலைக்குப் போகிற அரிசியில் ஒரு பிடி எடுத்து, கஷ்டத்தில் இருக்கிற யாராவது ஒருவர் பெயரை முணுமுணுத்துவிட்டு டப்பாவில் போடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் பொதுச் சாக்கில் கொட்டுவீர்கள். எல்லா வீட்டு அரிசியும் அதில் சேர்ந்து, இல்லாத ஒரு வீட்டுக்குப் போகும்.

"ஏன் அத்தை, உங்க சாமி அரிசிய பச்சையாவே தின்னுடுமா?" என்று கேலி செய்தேன். எங்கள் ஊர் வாய், சும்மா இருக்காது.

"அவரு திங்கறதில்ல கண்ணு. பசிச்சவன் ஊட்டுல போயி உக்காந்துக்குவாரு" என்றீர்கள்.

உங்கள் மகன் ஓட்டிப்போன லாரி கவிழ்ந்து, இடுப்பு முறிந்து அவர் படுத்தபோது, அந்தச் சாக்கு நம் வாசலுக்கே வந்தது. எனக்கு மானம் போனது. போதாக்குறைக்கு அந்த அரிசி ஒழுங்காக வேகவும் இல்லை. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கிடந்தால் எப்படி வேகும்? ஒன்று குழைந்தது, ஒன்று பல்லில் கடிபட்டது. மறுநாள் முறத்தில் கொட்டி, ரகம் ரகமாகப் பிரிக்க உட்கார்ந்தேன். வேலையத்த வேலைதான். ஆனால் அன்றைக்கு இருந்த ஆத்திரத்துக்கு அது தேவைப்பட்டது.

அப்போதுதான் அரிசிக்குள் அந்த இலை கிடைத்தது. வண்டு வராமலிருக்க இந்தத் தெருவில் எல்லாரும் வேப்பிலை போடுவார்கள். நொச்சி போடுவது நீங்கள் ஒருவர்தான். அப்படியென்றால் நம் டப்பா அரிசியும் அந்தச் சாக்குக்குத்தான் போயிருக்கிறது.

"நம்ம வீட்டுலயே உலை வைக்க வழியில்ல, இதுலேருந்தா எடுத்துக் குடுத்தீங்க?" என்று கத்தினேன். நீங்கள் நிதானமாக என் மடியிலிருந்து முறத்தை வாங்கினீர்கள்.

"இல்லாத ஊடுன்னு ஆரு சொன்னது? ஊரு ஊட்டு அரிசியெல்லாம் நம்ம சட்டியில வேகுது. அதுல நம்ம பிடியும் கெடந்துட்டுப் போகட்டும். பிரிக்காத கண்ணு."

பிரிக்கவில்லை. அன்று வெந்ததும் வேகாததுமாக மென்று தின்றோம். என் கோபம் அடங்கவில்லை, வயிறு மட்டும் நிறைந்தது. நம்மைத் தவிர இன்னும் ஒருவர் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் எனக்கு இருந்தது.

நீங்கள் போன பிறகு உங்கள் மகன் ஜெபத்தை விட்டுவிட்டார். வாக்கரைப் பிடித்துக் கொஞ்சம் நடந்துகொண்டிருந்தவர் அதையும் விட்டுவிட்டார். சர்ச்சிலிருந்து ஐயர் ஜெபம் பண்ண வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். "எங்கம்மா கேட்டுக்கிட்டேதான கெடந்துச்சு? என்ன கெடைச்சுது?" என்பார். நான் ஞானஸ்நானம்கூட வாங்காதவள், உங்கள் கர்த்தரிடம் என்ன உரிமையில் கேட்பேன்? இவர் இப்படியே சுவரோடு சுவராகப் போய்விடுவாரோ என்ற பயம்தான் என்னை வாட்டுகிறது. பிடி அரிசி போடும்போது வாயிலும் தானாக எதிர்வீட்டு ஜன்னத் அக்காவின் பெயர் வரும், என்னோடு துணிக்கடையில் நிற்கிற பெண்ணின் பெயர் வரும். பெரும்பாலும் உங்கள் மகன் பெயர்தான் வரும்.

இன்று டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எப்போதும் தானாகப் போகிற கை இன்று மறந்தது. அரிசியைக் கழுவப் போன நேரத்தில் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏம்புள்ள, டப்பா மூடிச் சத்தம் கேக்கலையே?"

அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறார். அவசரமாக டப்பாவைத் திறந்தேன். ஒரு பிடி அள்ளி, அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இரு. எல்லாத்து பேரையும் நீ சொல்ற. உன்ற பேர ஆரு சொல்றது?"

திரும்பிப் பார்த்தேன். கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, உங்களுடைய அதே முணுமுணுப்பில், என் பெயரைச் சொன்னார். என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் நிற்பது தெரிந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பினால் இருக்க மாட்டீர்கள். அழுதுகொண்டே அரிசியை டப்பாவில் போட்டேன்.

பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபோது பார்த்தேன், உள்ளங்கையில் அரிசித் தூள் ஒட்டியிருந்தது. கடை வந்த பிறகும் துடைக்கவில்லை, அத்தை.