தானாக மூடும் கண்

அன்புள்ள அம்மாவுக்கு, ரேலன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் அக்வெசாஸ்னேயில் ஆற்றுப் பனி உருகிவிட்டதா?

போன மாதம் லக்ராஸ் ஆட்டத்தில் ஒரு பந்து என் கழுத்தில் பட்டது. பயப்படாதீர்கள், வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அதிலிருந்து ஒரு வேடிக்கை. யாராவது நான் காக்கும் கோலை நோக்கிப் பந்தை வீசினால் என் கண் தானாக மூடிக்கொள்கிறது. அறைத்தோழன் பிரென்னன்தான் முதலில் கவனித்தான்.

"என்னடா, கோல்ல நின்னுக்கிட்டு ஜெபமா பண்ற?" என்றான்.

நானும் சிரித்தேன். மறுநாள் பயிற்சியில் கண்ணைத் திறந்தே வைத்திருக்கப் படாத பாடு பட்டேன். பந்து மட்டையின் வலைப்பையிலிருந்து கிளம்புவது தெரிகிறது. அடுத்து, அது என் வலைக்குள் கிடப்பதுதான் தெரிகிறது. என்னை ஆட்டத்தில் இறக்காமல் வெளியே உட்கார வைத்துவிடுங்கள் என்று கோச்சிடம் கேட்டேன்.

"இன்னொரு கோல்கீப்பருக்குக் கை ஒடஞ்சு கெடக்கு. நீதாம்ப்பா நிக்கணும், நான் என்ன பண்ண?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சோள ரொட்டியும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். அப்பா கோலில் நின்ற காலத்தில் அவருக்கு இப்படி ஆனதுண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கென்று சொல்ல வேண்டாம், வேறு யாருக்கோ என்று கேளுங்கள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வர வேண்டாம், அவ்வளவு தூரம் கார் ஓட்டினால் கால் தாங்காது. அப்படியும் வந்தால் கோலுக்குப் பின்பக்கம் உட்காருங்கள். அங்கிருந்து என் முகம் தெரியாது. நீங்கள் இருப்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் ரேலன்