நடுவில் எடுக்காத நூல்

அன்பும் குற்ற உணர்வுமாக, ரஹீம் அண்ணாவுக்கு,

நம் ஊர் ஒலிம்பிக் மைதானம் இன்னும் முடிந்தபாடில்லை. டவுன்டவுனில் உங்கள் கம்பளக் கடை இருந்த இடத்தில் இப்போது ஷூ விற்கிறார்கள். வேறு என்ன சேதி? சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதற்குத்தான் வாய் வரவில்லை.

அந்தச் சிவப்புக் கம்பளம். தப்ரீஸ் நகரிலிருந்து உங்கள் தாத்தா கோவேறு கழுதைகளில் ஏற்றி, கருங்கடல் தாண்டி லண்டனுக்கு அனுப்பிய சரக்கில், விலைபோகாமல் திரும்பி வந்த ஒன்று. "தாத்தா பிறக்கும் முன்பே நெய்தது, அப்பா சொல்லியிருக்கிறார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். அதை நம்பாமல் பொடி வைத்துப் பேசிய ஒருவரின் வாயை அடைக்கத்தான், சாயம் சோதிக்கும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"நடுவிலிருந்து எடு தம்பி. ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினால் போதும்" என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவர உள்ளே போனீர்கள். உங்கள் அப்பா தொழுத கம்பளத்தில் கால் வைப்பதாவது? ஓரத்தில் குனிந்து ஒரு நூலை வெட்டிக்கொண்டேன். பெரிய பக்திமான் நான்! எங்கே எடுத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் பார்த்தால் ஆலைச் சாயம், உங்கள் தாத்தா பிறந்த பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். நீங்கள் கோபிக்கக்கூட இல்லை. "அப்பா பொய் சொல்லிவிட்டார்" என்றீர்கள். சுவரிலிருந்த அவர் படத்தைக் கழற்றினீர்கள். அந்தப் பனிக்காலத்திலேயே போய்விட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மகள் மரியம் கம்பளத்தைக் கழுவக் கொடுத்தாள். கழுவுகிறவர், நான் நூல் வெட்டிய அதே ஓரத்தில் பின்பக்கம் தைத்திருந்த துணியைப் பிரித்திருக்கிறார். அந்த ஓரம் மட்டும் பிற்பாடு புது நூலால் முடிச்சுப் போட்டு நெய்ததாம். கப்பலில் நனைந்து அழுகியதை லண்டனில் சரிசெய்திருப்பார்களாம். கேட்டதும் மரியம் வீட்டுக்கு ஓடினேன்; கம்பளம் கழுவி வந்து விரித்திருந்தது. காலுறையையும் கழற்றிவிட்டு நடுவரை நடந்து நூல் எடுத்தேன்.

பழங்காலத்து வேர்ச் சாயம், அண்ணா. ஆலைச் சாயம் துளியும் இல்லை.

"அவரே ஏறிக்கோன்னு சொன்னாரே, அப்புறம் ஏறுறதுக்கு உங்களுக்கு என்ன?" என்று என் மனைவி கமலா கேட்டாள். உங்கள் அப்பாவுக்கு மரியாதை செய்வதாக நினைத்து அவரைப் பொய்யராக்கினேன். அதை நம்பியே நீங்கள் செத்தீர்கள். இதற்கு மன்னிப்பு உண்டா?

ஞாயிறன்று என் தவறை எழுதிக் கையெழுத்திட்டு மரியத்திடம் கொடுப்பேன். அவள் வீட்டுச் சுவரில் உங்கள் அப்பாவின் படத்தை என் கையாலேயே திரும்ப மாட்டுவேன். பக்கத்தில் உங்கள் படத்துக்கும் ஓர் ஆணி அடிப்பேன்.

சொன்ன பேச்சைக் கேட்காத உங்கள் தம்பி,
ராகவன்