எதிர்காற்றில் முன்னால் போனவள்

உன் மழைக்கோட்டு என் வீட்டு மாடிக் கொடியில் காய்கிறது. உன் மகள்தான் முந்தாநாள் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள். மடித்து வைக்கலாம் என்று எடுத்தால், நீ சைக்கிள் செயினுக்கு ஓயாமல் விடுவாயே, அந்தத் தையல் மெஷின் எண்ணெய் வாடை இன்னும் அதில் இருக்கிறது. மறுபடியும் கொடியிலேயே போட்டுவிட்டேன். நீ போய் இது இரண்டாவது ஐப்பசி. நான் மறுபடியும் தரங்கம்பாடிக்குப் போய் வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊர் உலகம் எல்லாம் லீவு நாளில் அங்கே போகும். நாம் மட்டும் சீசன் இல்லாத நேரமாகப் பார்த்து, கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் கிளம்புவோம். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் சுடிதாரோடு சைக்கிளில் போவதை வேடிக்கை பார்க்க மழைக்காலத்தில் ஆள் இருக்காது என்பது உன் எண்ணம். நம் ஊர் உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் ஏற்றிய மெழுகுவத்தியின் மெழுகு உன் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும்போதே மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவாய். காலியாகக் கிடக்கும் லாட்ஜில் அந்த மேனேஜர் வருடம் தவறாமல் கேட்பார். "ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?" நீயும் வருடம் தவறாமல் சொல்வாய். "வண்டி மிதிக்க காலு போதும்ணே."

தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பழைய ரயில் மேட்டுக்காகத்தான் அத்தனை தூரம் மிதிப்போம். சல்லிக்கல் துருத்திக்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் கருவேல முள், காற்றில் உப்பு. அதன்மேல் ஓட்டும்போது நீ எஞ்சின் மாதிரி கூவுவாய். வயதை மறந்து நானும் கூவுவேன்.

போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். மறுநாள் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். அதற்கு நமக்கு ஒரு முறை இருந்தது. ஒருத்தி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவள் அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தால் பாதி பாரம் குறைந்துவிடும். மைல்கல்லுக்கு ஒரு தரம் இடம் மாற வேண்டும் என்று பேச்சு. "இருடி, அடுத்த கல்லுல மாத்திக்கலாம்" என்பாய். அடுத்த கல்லும் போய்விடும். எனக்கும் சுகமாக இருந்தது, வாயைத் திறக்க மாட்டேன். கடைசி வருடம் இருமிக்கொண்டே ஓட்டினாய். கேட்டதற்குச் சளி என்றாய். நானும் சளி என்றே விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த பங்குனியில் நீ போய்விட்டாய். இதயம் ரொம்ப நாளாகவே பழுதாகி இருந்ததாம். சைக்கிள் ஓட்டினதால் வந்ததில்லை என்று டாக்டர் அவராகவே என்னிடம் சொன்னார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

இந்த வருடம் உன் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மா போற எடத்துக்கு என்னையும் கூட்டினு போங்க." மழை, ரோடு, முட்டிவலி என்று வாய்க்கு வந்த சாக்கையெல்லாம் சொன்னேன். மறுபடி ஒரு முதுகுக்குப் பின்னால் ஓட்ட எனக்குப் பயம். அவள் விடவில்லை. பிடிவாதம் உன்னுடையதுதான்.

ரயில் மேட்டில் அவளும் கூவினாள். நான் சிரித்தேன். சிரித்ததும் உனக்குத் துரோகம் செய்தது போல இருந்தது.

திரும்பும்போது எதிர்காற்றில் நான்தான் முன்னால் போனேன். கடலூர் வருவதற்குள் மூச்சு வாங்கியது. அவள் பக்கத்தில் வந்தாள்.

"பின்னாடி வாங்க சித்தி, நான் போறேன்."

"வேணாம்டி. உங்கம்மாவ அப்படி விட்டுட்டுத்தான் இன்னிக்கு அழுதுனு கெடக்கறேன்."

"நீங்க எங்க விட்டீங்க? அம்மாவா கேட்டுப் போனதுதானே. கடைசியா போயி வந்தப்போ என்னாண்ட சொல்லிச்சு. 'நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுச்சு. நான் முன்னாடி போனா, விழுந்தாலும் பின்னாடி அவ பாத்துப்பா. பின்னாடி போயி விழுந்தா அவ பாட்டுக்குப் போயினே இருப்பா'ன்னு சிரிச்சுது. வாயுத்தொல்லைன்னு நானும் விட்டுட்டேன் சித்தி."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவள் சொன்னாள். செயின் கழன்றுவிட்டது என்று பொய் சொல்லி, வண்டியை நிறுத்திக் குனிந்துகொண்டேன்.

உன் பின்சக்கரம் எனக்கு இப்போதும் அப்படியே தெரியும். மட்கார்டில் இருந்த சிவப்பு வில்லையில் ஒரு கீறல். புதிதாகப் போட்ட கம்பிகள் மட்டும் சுற்றும்போது மின்னும். அந்தக் கடைசி வருடம் கடலூர் வரைக்கும் என் கண் அதை விட்டு நகரவில்லை, இடித்துவிடக் கூடாதே என்று. பின்னால் நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பி நீ முன்னால் போயிருக்கிறாய். ஒரு தடவையாவது தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லையடி.