ஹார்பர்க்கில் ஆட்டிய பருப்பு

அன்புள்ள ஹென்னிங்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? ரோட்டர்டாமில் நான் நலம்.

இதைப் பதறாமல் படி. எண்ணெய்ப்பனைப் பருப்பை இருபது ஆண்டுகளாக ஜெர்மனி எவ்வளவு ஆட்டியது, நெதர்லாந்து எவ்வளவு ஆட்டியது என்று இன்று கம்பெனிக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். இந்த நெதர்லாந்துக்காரர்களின் கோடு ஏறிக்கொண்டே போனது. நம் ஜெர்மனியுடையது தரைக்கு வந்துவிட்டது.

"உங்க ஹார்பர்க் ஆலை சும்மாதான கிடக்கு மாரென், மூடிடலாம்ல?" என்று சிரித்தார் மேலாளர் யோஸ்ட்.

அந்த ஆலையில் நீ இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறாய். பிறகுதான் படத்தை உற்றுக் கவனித்தேன். இங்கே கப்பலில் வந்து இறங்கி, சரக்குப் படகில் உங்களிடம் வரும் பருப்பையும் இங்கேயே ஆட்டியதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

"இறக்கினதும் ஆட்டினதும் ஒண்ணா, யோஸ்ட்?"

"எங்க துறைமுகத்துல இறங்கினா எங்களுதுதான். விடுங்க, மூடுறதுன்னு போன மாசமே முடிவாச்சு. படம் இப்பதான் போட்டோம்."



இதைப் படித்ததும் தொழிற்சங்கத்தில் சொல்லிவிடு. இங்கே ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது, நம் கறுப்பு ரொட்டி ஒன்று அனுப்பு என்று எழுத நினைத்தேன். வேண்டாம். சனிக்கிழமை நானே வருகிறேன், ரயிலடிக்கு வா.

மாரென்