பெண் கை படாத சட்டை

மொயாம்பா, 3 அக்டோபர் 2001

துப்பாக்கியை ஒப்படைக்கப் பள்ளி மைதானத்தில் இன்றும் நீண்ட வரிசை. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வேட்டைப் படைக்காரர்கள் மெண்டே மொழியில் சொல்வதைச் சமாதானப் படை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. துப்பாக்கியை என் கையில் கொடுக்க ஒருவனும் தயாரில்லை. தரையில் வைத்துவிட்டு நகர்கிறான்.

"தள்ளி நில்லும்மா. பொம்பள கை பட்டா சட்டையில இருக்குற மருந்து செத்துரும். அப்புறம் எந்தக் குண்டும் துளைக்கும்" என்றான் ஒருவன்.

சண்டைதான் முடிந்துவிட்டதே, இனி உன்னை எவன் சுடப்போகிறான் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். தள்ளியேதான் நின்றார்கள்.

5 அக்டோபர்

லான்சானாவும் இன்று துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். என் புருஷன், என் முன்னால், அதே வரிசையில். அதிகாரியுடன் கைகுலுக்கினார். எனக்கு ஒரு தலையசைப்பு.

துப்பாக்கி போனால் மனுஷன் வீட்டுக்குள் வந்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். பாவி மனசு. பழையபடி அந்தச் சட்டையோடு வெளித் தாழ்வாரத்தில் பாயை விரித்துக்கொண்டார். படையில் சேர்ந்த நாளிலிருந்து என் விரல் அவர்மேல் பட்டதில்லை.

6 அக்டோபர்

சட்டைகளையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். துணி சுடாது என்று சிரித்தார். அவருக்கென்ன, அவர் வீட்டு வாசலில் யாரும் படுத்திருக்கவில்லை.

9 அக்டோபர்

அவருக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

12 அக்டோபர்

கேட்டேவிட்டேன். இன்னும் எந்தக் குண்டுக்குப் பயப்படுகிறீர்கள்?

"குண்டுக்கு இல்ல, பைந்து." என் பெயரைச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "மூணு பேரு. பாலத்துக்கிட்ட. துப்பாக்கியக் கீழ போட்டுட்டு, கையத் தூக்கிட்டு வந்தாங்க. நான்தான்... இந்தச் சட்டை இருக்குற வரைக்கும் அவங்க வெளிய நிக்கிறாங்க. நீ தொட்டா உள்ள வந்துருவாங்க."

கையைத் தூக்கியவர்களையா? எழுந்து உள்ளே போய்விட்டேன்.

13 அக்டோபர்

மைதானத்தில் ஒவ்வொருவனும் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுகிறான். பார்க்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வந்துவிட்டேன்.

இத்தனை நாள் தொடணும்னு தவிச்ச கை, இப்ப கூசுது. இந்த ஆளோடயா நான் வாழ்ந்தேன்? இவர் எனக்கு வேணுமா, வேண்டாமா?

15 அக்டோபர்

வேண்டும்.

16 அக்டோபர்

மாலையில் அவர் பக்கத்தில் போனேன். எழுந்து விலகவில்லை.

"தெரிஞ்சுதான் வர்றியா?"

"தெரிஞ்சுதான்."

அவர் நெஞ்சில், அந்தச் சட்டைமேல், உள்ளங்கையை வைத்தேன்.

27 அக்டோபர்

சட்டையைப் புதைத்தாயிற்று. லான்சானா இப்போது வீட்டுக்குள்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், என் கையைப் பிடித்துக்கொள்கிறார். தூக்கம்தான் இல்லை, எனக்கும்.

பாலத்தில் செத்தவர்களுக்கு இதுவரை யாரும் சோறு வைத்திருக்க மாட்டார்கள். நம் வீட்டில் இறந்தவர்களுக்கு வைப்பதுபோல அவர்களுக்கும் பொங்கி, மூன்று இலையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"அங்க யாரும் இல்ல," என்றார் லான்சானா. தன் பக்கத்துத் தரையைக் கையால் துடைத்தார். "இங்க வை."