நீ இறந்ததாகச் செய்தி வந்த காலை

இன்று காலை காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி தானாகவே ஒரு படத்தை எடுத்து நீட்டியது. 'சில ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்' என்று மேலே எழுத்து; கூடவே யாரும் கேட்காத ஒரு பின்னணி இசை. படத்தில் நீ இருந்தாய். கழுத்தில் கனமான மாலை, நெற்றியில் பட்டை, நிறமெல்லாம் போன கறுப்பு வெள்ளை முகம். 'இதைப் பகிரலாமா?' என்று கீழே கேட்டது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மாமா, காலையிலயே காமெடியா?" என்றாள். ஆமாம் என்றேன். இந்தப் படத்தை ஒருமுறை பகிர்ந்து மாவட்டமே பட்டது போதாதா?

செய்தி என்றால் உன்னிடம் அத்தனை சுலபத்தில் எடுபடாது. ஆண்டிமடம் கடைவீதி சலூனில் நாம் இருவரும் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படித்த காலம் நினைவிருக்கிறது. நான் ஒரு செய்தியை உரக்கப் படித்தால் போதும், நீ சோப்பு நுரை பூசிய முகத்தோடு திரும்பி, "யாரு பாத்தா? எங்க பாத்தா? நீ போய்க் கேட்டியா?" என்பாய். ரேடியோவில் நம் பக்கம் மழை என்று சொன்னாலும் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாய். உன்னோடு பேப்பர் படித்து முடிப்பதற்குள் எனக்கு வயிறு பசித்துவிடும்.

அப்படிப்பட்ட உன் கையில் உன் மகன் ஒரு பெரிய செல்போனைக் கொடுத்தான். முதல் வாரம் அதைத் தொடவே பயந்தாய். அடுத்த வாரம் உன்னிடமிருந்து அதைப் பிடுங்க முடியவில்லை. நெட்டைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்தாய். வேலை முடிந்ததும் மூடாவிட்டால் வீணாக ஒழுகிவிடும் என்று. நான் குரும்பலூரில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், ஆண்டிமடத்திலிருந்து நீ போனில் பேசுவது தெருமுனை வரை கேட்கும். தூரம் அதிகம் அல்லவா, அதற்குத் தகுந்த சத்தம் வேண்டும் என்பது உன் கணக்கு.

திருக்கடையூரில் உன் எழுபதாம் கல்யாணம் நடந்து ஊர் திரும்பிய மறுநாள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாய். மாலையும் கழுத்துமாக நீயும் உன் வீட்டுக்காரியும் நிற்கும் படத்தை ஊர்க் குழுவில் போட உனக்கு ஆசை. படத்தில் அவள் கண்ணை மூடியிருந்தாள். அதனால் அவளை வெட்டிவிட்டாய். எதையோ அழுத்தியதில் நிறம் போனது. பழைய ஸ்டூடியோ படம் மாதிரி இருக்கிறதென்று அதையும் அப்படியே விட்டாய். போனில் எழுத்தைத் தட்டத் தெரியாததால் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. விடியற்காலை மாடு கறக்கப் போகுமுன் அதை அனுப்பி, நெட்டை மூடி, போனை அலமாரியில் வைத்துவிட்டு முந்திரித் தோப்புக்குப் போய்விட்டாய்.

மாலை போட்ட தனி முகம், கறுப்பு வெள்ளை, விடியற்காலை. இதற்கு மேல் நம் ஊர்க்காரனுக்கு வேறு விளக்கம் வேண்டுமா? முதல் ஆள் கும்பிடும் கையைப் போட்டான். இரண்டாவது ஆள் 'ஆழ்ந்த இரங்கல்' என்றான். அடுத்து வந்தவன் யாரோ, நேற்றிரவு நெஞ்சுவலி என்று காரணமும் கண்டுபிடித்தான். இன்னொருவன் இன்று மாலை அடக்கம் என்று நேரமும் குறித்துவிட்டான். நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் மூன்று கேள்விகளை யாராவது கேட்டார்களா? நானே கேட்கவில்லை. சாவு வீட்டுக்குப் போன் போட்டு 'மெய்தானா' என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அந்த வீட்டுப் பொம்பளைகள் என்ன நினைப்பார்கள்? அந்த நாகரிகம்தான் உன்னைக் கொன்றது.

பெரம்பலூரில் அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் முன் சீட்டில் உன் தங்கை தையல்நாயகி. வேப்பந்தட்டையிலிருந்து வந்திருந்தாள். மடியில் மாலைப் பொட்டலம், பக்கத்தில் கோடி வேட்டி. அவள் சொன்ன சொல் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவள் மகளை உன் மகனுக்கு என்று சிறுவயதிலிருந்தே சொல்லி வைத்திருந்ததும், உன் மகன் கூடப் படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டதும், தையல் உன் வாசலில் நின்று, "இனி உன் சாவுக்குத்தான் இந்த வூட்டு வாசல் மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனதும் எனக்குத் தெரியாதா? தையலின் மகளுக்கு நல்ல இடம் அமைந்து பிள்ளைகளும் பிறந்துவிட்டன. தையல் மட்டும் சொன்ன சொல்லை விடவில்லை. அன்று வழிநெடுக அவள் அழவில்லை. சிமெண்ட் லாரிகளின் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒரே ஒருமுறை திரும்பி, "அண்ணே, அது என்னையப் பத்தி எப்பவாச்சும் பேசுமா?" என்று கேட்டாள். "பேசாம என்னம்மா" என்றேன்.

உன் தெருவில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. தையலுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வாசலைக் கண்டதும் கூந்தலை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"காலு சுடுமுன்னு தோளுல தூக்குன அண்ணே,
கண்ணு கலங்குனா கதை சொல்லித் தேத்துன அண்ணே,
ஆத்தா போன பின்னும் ஆத்தாளா இருந்த அண்ணே,
கோவத்துல நான் போனேன், கூப்பிடாமப் போனியே அண்ணே..."

நீ தோப்பிலிருந்து வந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாயாம். கையில் சொம்போடு நிலைப்படிக்கு வந்து நின்றாய். உன்னைப் பார்த்ததும் நான் கத்த வாயெடுத்தேன். நீ என்னிடம் சும்மா இரு என்று கண்ணைக் காட்டினாய். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாய். உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னாய்:

"நல்லாத்தான இருக்கு தாயி. மேல பாடு."

தையல் நிமிர்ந்து பார்த்தாள். மாலையைத் தூக்கி உன் மேல் எறிந்தாள். அது குறி தவறி மாட்டுத் தொட்டியில் விழுந்தது; மாடு அதைச் சாப்பிட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவள் உன்னைத் திட்டிய திட்டில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுத முடியாது.

"உன் சாவுக்குத்தான் வருவேன்னு சொன்ன. வந்துட்ட. உன் சொல்லு முடிஞ்சுபோச்சு" என்றாய் நீ.

அவள் கூந்தலை முடிந்துகொண்டு வெளியே திரும்பினாள். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவதுதானே வழக்கம். நீ குறுக்கே போய் நின்றாய். "இது சாவு வூடு இல்ல தையல். போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ." அவ்வளவுதான் கேட்டாய். அவள் அதைச் சொன்னால் உறவு உண்டு; சொல்லாமல் படி இறங்கினால் இந்தப் பிறவியில் இனி இல்லை. அது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேட்டி தடுக்கிவிடுமோ என்பது போல் நீ அசையாமல் நின்றாய். உன் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. இரங்கல் சொல்ல வந்தவர்கள் வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

தையல் உன் தோளுக்கு மேலாக அண்ணியைப் பார்த்தாள். "காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. என்ன ஆக்கியிருக்கீங்க?" என்றாள்.

அப்படியொரு சாப்பாட்டை நான் எங்கும் சாப்பிட்டதில்லை. ரசமும் அப்பளமும்தான். சாப்பிட்டு முடித்ததும் உன் வீட்டுக்காரி பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ தங்கைக்கு வரிசையாக எடுத்து, அனுப்பப் பயந்து அடுக்கி வைத்திருந்த சேலைகளை வெளியே எடுத்துப் போட்டாள். தையல் ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கலரெல்லாம் கண்ணத் தொறந்துகிட்டுத்தான் எடுத்தியா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டாள். நீ பூரித்துப்போனாய். சாயங்காலம் செல்போனில் செய்தி சேனல் நடத்தும் ஒருவன் மைக்கோடு வந்து, நீ காலமானதாக வந்த தகவலைப் பற்றி உன் கருத்து என்ன என்று உன்னிடமே கேட்டான். "கொஞ்சம் முந்திட்டாங்க" என்றாய். அந்த வீடியோவை இன்றும் யாராவது எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி பஸ்ஸுக்குத் தையல் எழுந்தபோது, சொல்லிக்கொண்டுதான் போனாள். கோடி வேட்டியை நீ அந்தத் தீபாவளிக்குக் கட்டிக்கொண்டாய்.

கைப்பேசி வந்து மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்று நம் வயதுக்காரர்கள் பேசும்போதெல்லாம் நான் சும்மா இருந்துவிடுகிறேன். பொய்ச் செய்தி எத்தனை குடியைக் கெடுக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதே கருவியில் நீயும் தையலும் தினமும் காலையில் போட்ட சண்டையையும் நான் பார்த்தேன். வேப்பந்தட்டைக்கும் ஆண்டிமடத்துக்கும் இருந்த தூரத்துக்கு நீங்கள் இருவரும் போட்ட சத்தம் சரியாகத்தான் இருந்தது.

நீ நிஜமாகவே போன அன்று குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. பயம். தையல்தான் எனக்குப் போன் செய்து சொன்னாள். நான் வந்து சேர்ந்தபோது உன் தலைமாட்டில் உட்கார்ந்து உன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். கூட இருந்த பெண்கள், "பாடு தையலு, ஒரு பாட்டுப் பாடு" என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கே பாடிட்டேன்" என்றாள். "அது காதாரக் கேட்டுட்டுத்தான் போயிருக்கு."

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரைப் பற்றியாவது மனதில் நல்லதாக ஒன்று தோன்றினால் உடனே போனை எடுத்து அவர்களிடமே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் பயந்துபோய், "என்ன சார், உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று என்னைக் கேட்கிறார்கள். இல்லை, நன்றாக இருக்கிறேன் என்கிறேன். நீங்களும் நன்றாக இருக்கிறீர்கள், அதனால்தான் கூப்பிட்டேன் என்கிறேன்.