வேகம் குறைந்த காரணம்

என்னவருக்கு,

போனில் சொன்னால் உடனே கிளம்பி வந்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மர்பி டவுன் டீக்கடையில் இன்றும் உங்கள் பவுலிங் பற்றித்தான் சண்டை.

“தோள் போச்சு மச்சான், அதான் ஸ்பீடு இல்ல,” என்றான் தினேஷ்.

“கல்யாணம் ஆச்சு, வேகம் போச்சு,” என்று கோவிந்தன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உங்கள் பந்து தலையில் பட்டு விழுந்த பேட்ஸ்மேனை யாருமே நினைக்கவில்லை. ஓரமாக நின்ற ஒருவர் மட்டும், “அவரு எப்ப வராரு?” என்று கேட்டார்.

“சனிக்கிழமை,” என்ற கோவிந்தன் நம் வீட்டையும் காட்டிவிட்டார்.

அந்த முகத்தை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். பேட்ஸ்மேனின் அண்ணன். இப்போது மொட்டை அடித்திருக்கிறார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எதிர்வாசலில்தான் நிற்கிறார். பாப்பாவை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் ஓசூரிலேயே இருங்கள். நான் கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிடப் போகிறேன்.

உங்களவள்